தண்ணீரோடு போன பெட்டி

சில வருடங்களுக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே நடந்தது இது. மறுநாள் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்க இருந்தது. எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், என் வண்டியின் பக்கப்பெட்டிக்குள் ஒரு கால் இருந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் நிற்க வேண்டிய கால்.

பயந்துவிடாதீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு சிறிய பட்டறையில் செயற்கைக் கால் செய்வதுதான் என் தொழில். அந்தக் கால் ஒரு சத்துணவுச் சமையல்காரம்மாவுக்கு உரியது. லாரி மோதியதில் இடது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு வந்து நின்று சமைத்தால் வேலை அவருக்கு, இல்லையென்றால் வேறு ஆள் போடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்களாம். பட்டறைக்கு வந்து ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். உரசுகிற இடத்தையெல்லாம் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள். ஓடுவதைவிட உதறுவது அதிகம். "இது நின்ன இடத்துலயே நட்டக் கழத்திப் போட்டுரும்வே" என்பான் என் மெக்கானிக் நண்பன். அதன் இரண்டு பக்கமும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிகள் மாட்டியிருந்தேன். வலது பெட்டியில் என் கருவிகள், இடது பெட்டியில் கால்கள். பெட்டிகளைத் தாங்க இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து, இடையில் ரப்பர் வைத்து, நட்டுக்கு மேல் நட்டுப் போட்டு இறுக்கியிருந்தேன். கிளம்பும்போதெல்லாம் பெட்டிகளைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். "என்னைய இந்தப் பாடு பாத்திருந்தா நான் எங்கயோ இருந்திருப்பேன்" என்பாள் என் மனைவி. அன்றைக்கும் ஆட்டிப் பார்த்தேன், இரண்டும் அசையவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். பாளையங்கோட்டையைத் தாண்டியதுமே பனி வந்து மூடிக்கொண்டது. வழியில் ஏதேதோ கோயில்களில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. கோயில் எங்கே என்று தெரியாது, பாட்டு மட்டும் பனிக்குள்ளிருந்து வரும், கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு நின்றுவிடும். பெண்கள் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு ஒரு இடத்தில் தெரிந்தது, ஒரு இடத்தில் மறைந்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டியில் உட்கார்ந்தால் மனசு தன்பாட்டுக்கு எங்கேயோ போய்விடும். அன்றைக்கு அதற்குக் கேட்கவும் வேண்டுமா!

ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி வாய்க்கால் கரைச் சாலையில் திரும்பினேன். ஒரு பக்கம் வாழைத்தோட்டம், மறுபக்கம் விளிம்பு வரைக்கும் ததும்பி ஓடுகிற தண்ணீர். ஒரு சின்னப் பாலத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அதற்கப்புறம் ஒரு சுகம் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்ல! வண்டி பறந்தது. மனசு லேசாகிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிறோம், அதனால்தான் உடம்பே கனமில்லாமல் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்கூடக் கலங்கியது. வண்டி கொஞ்சம் வலது பக்கமாக இழுத்ததை நான் கவனிக்கவே இல்லை.

சாலை வாய்க்காலை விட்டு ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு காப்பிக்கடை. இறங்கி ஒரு காப்பி கேட்டேன். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் என் வண்டியையே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒத்தப் பெட்டியோட வாரீய? இப்பம் இதுதான் பேஷனா?"

திரும்பிப் பார்த்தேன். இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. நட்டுகள் எல்லாம் இறுக்கியது இறுக்கியபடி இருந்தன. சட்டத்தின் வெல்டிங்தான் முறிந்து, முறிந்த இரும்பு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இத்தனை வருட உதறலில் பெயிண்டுக்கு உள்ளேயே விரிசல் விட்டிருக்க வேண்டும். லேசாக இருந்தது மனசு இல்லை, வண்டி!

காப்பியை வைத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். இன்னொரு கால் செய்யலாம்தான். ஆனால் அச்செடுத்து, வார்த்து, போட்டுப் பார்த்து, உரசும் இடத்தைத் தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பள்ளிக்கூடமோ நாளைக்கே. அந்தம்மா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பு வந்ததும் வண்டியை இன்னும் முறுக்கினேன்.

அந்தச் சின்னப் பாலத்தின் விளிம்பில் புதிதாக ஒரு கீறல். பக்கத்தில் என் ரப்பர் துண்டு கிடந்தது. பாலத்தின் அந்தக் கோடியில் ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் நிதானமாகத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"கறுப்புப் பெட்டிதான? நான் இங்கன வரும்போது அந்தா அங்கன மெதந்து போய்க்கிட்டிருந்துச்சு. எவனோ வேண்டாமுன்னு விட்டுட்டான்னுலா நெனச்சேன்!"

விஷயத்தை அரைகுறையாகச் சொன்னேன். ஒருவருக்குத் தர வேண்டிய பொருள், இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்று மட்டும்தான் வாயில் வந்தது. அவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, பனிக்குள் குரல் கொடுத்தார்.

"ஏய்... கறுப்புப் பெட்டி வருது! புடிங்க!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தூரத்தில் ஒரு பெண் குரல் அதையே சொன்னது, "பெட்டி வருதாம், புடிங்க!" அதற்கும் அப்பால் இன்னொரு குரல். அதற்கும் அப்பால் ஒன்று, காதில் விழுந்தும் விழாமலும். அந்தக் கரையில் அது வழக்கமாம். குளிக்கிற இடத்தில் குடமோ சோப்பு டப்பாவோ பிள்ளையின் கால்சட்டையோ தண்ணீரோடு போய்விட்டால், ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறைக்குச் சத்தம் போடுவார்களாம். "தண்ணிய விட சத்தம் வெரசாப் போவும். கவலப்படாதிய" என்றார்.

"பிடிக்காமல் விட்டுவிட்டால்?"

"கடைசி மடையத் தாண்டிட்டா கொளம். கொளத்துக்குள்ள போயிட்டா தாமரக்கொடிக்குள்ள தேடி எடுக்கது பாடுதான்" என்று உள்ளதைச் சொன்னார்.

வண்டியில் போனால் அந்த இரைச்சலில் குரல் கேட்காது. அதனால் வண்டியைப் பாலத்திலேயே விட்டுவிட்டுக் கரையோடு நடந்தோம், அவரும் கூடவே வந்தார். அந்த நடையை என்னால் மறக்க முடியாது. முன்னால் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வாழையிலையிலிருந்து பனி சொட்டுகிற சத்தம், பக்கத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம். முன்னால் எங்கேயோ முகமில்லாத குரல்கள் என் பெட்டிக்காகக் கூவிக்கொண்டிருந்தன. பதறிக்கொண்டுதான் நடந்தேன். அப்படியிருந்தும், இது நிஜமாகவே நடக்கிறதா, இல்லை நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லையா என்று ஒரு சந்தேகம்.

அப்போது குரல் கீழேயிருந்து மேலே திரும்பி வந்தது.

"பெட்டி கெடச்சிட்டு!"

எனக்கு உயிர் வந்தது. கூட வந்தவர் என் முதுகில் தட்டினார். அடுத்த குரல் வந்தது.

"பெட்டிக்குள்ள காலு கெடக்கு!"

அவர் தட்டுவதை நிறுத்தினார். எங்கிருந்தோ ஒரு நடுங்கிய குரல், "ஆரு காலு?" என்றது. இன்னொன்று, "போலீசுக்குச் சொல்லுங்கட்டி!" என்றது.

பதற்றத்தில் நான் கத்தினேன், "அது என் காலு! என் காலு!"

அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. மெதுவாக ஒரு எட்டு விலகி நின்றுகொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, இவ்வளவு நேரம் போட்ட குரலையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு குரல் போட்டார். "ஏட்டி, பயப்படாதிய! அது செஞ்ச காலு! பள்ளிக்கூடத்துல சோறு பொங்குத பொம்பளைக்குக் கொண்டு போறாக!" அது படித்துறை படித்துறையாகக் கீழே போனது. போகப்போகச் சிரிப்புச் சத்தமும் அதோடு சேர்ந்துகொண்டது.

பெட்டியைப் பிடித்தது பெண்கள் படித்துறையில். "அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க! திரும்பி நில்லுங்க!" என்று அதட்டினார்கள். இரண்டு பேரும் வாழைத்தோட்டத்தைப் பார்த்தபடி பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றோம். முதுகுக்குப் பின்னால் வந்து யாரோ பெட்டியை வைத்தார்கள்.

"உள்ள கொஞ்சம் தண்ணி போயிட்டு. தொடச்சி, சுத்தி வச்சிருக்கேன்" என்றது ஒரு இளங்குரல். குரல் குளிரில் நடுங்கியது.

இன்னொரு பெண் கேட்டார், "இதப் போட்டுக்கிட்டு பெரிய அண்டாவுல நின்னு கிண்ட முடியுமா?"

"முடியும்" என்றேன், திரும்பாமலே.

"முடிஞ்சா சரிதான். நின்னுருவாக" என்றார் அவர்.

அவர்கள் சரி என்று சொன்ன பிறகு திரும்பினேன். படித்துறைக்குப் போகிற வழியில் பனிதான் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். கால் ஒரு மஞ்சள் சேலையில் சுற்றியிருந்தது. காய்ந்த சேலை. குளித்துவிட்டுக் கட்டக் கொண்டுவந்த மாற்றுச்சேலை என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் குளிரில் அந்தப் பெண் ஈரத்தோடே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குத் திரும்பினோம். அதை மாட்டச் சட்டமில்லை. கயிறு கேட்டேன். "கயிறு எதுக்கு? நான் இருக்கேம்லா" என்று அந்த மனிதர் வண்டியில் பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பல் தேய்த்த நுரை இன்னும் அவர் உதட்டோரம் இருந்தது. பழைய வண்டியில் பெட்டி கழலாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போன மாதிரி அது அசையாமல் என்றைக்கும் போனதில்லை.

சமையல்காரம்மா நான் நினைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். காலை மாட்டினேன். பட்டைகளை இறுக்கினேன். கதவு நிலையைப் பிடித்து எழுந்தார், கையை எடுத்தார், நின்றார். அப்படியே அடுப்படிக்குப் போய் எங்கள் எல்லோருக்கும் காப்பி போட்டார். அவர் கணவர் பதறி, "போதும், உக்காந்து இருக்கலாம்லா" என்றார். அந்தம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இத்தன மாசமா இருந்தாச்சில்லா. கொஞ்ச நேரம் நின்னுக்கிடுதேன்" என்றார்.

என்னோடு வந்தவருக்கு வாய் சும்மா இருக்குமா? "தங்கச்சி, ஒங் காலு எங்க ஊரு வாய்க்கால்ல குளிச்சிட்டுத்தான் வந்திருக்கு" என்று ஆரம்பித்து முழுக்கதையும் சொன்னார். அந்தம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த மஞ்சள் சேலையை மடித்து என் கையில் கொடுத்து, "மாத்துச்சேல இல்லாம அந்தப் பிள்ள என்ன பாடு பட்டுச்சோ" என்றார்.

திரும்பி வரும்போது பனி முழுக்க விலகியிருந்தது. கூட வந்தவரைப் பாலத்தில் இறக்கிவிட்டு, சேலையோடு படித்துறைக்கு நடந்தேன். வேறு யாரோ ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். காலையில் கேட்ட குரல்களில் அவர் குரலும் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. சேலையைப் பார்த்ததுமே அவர் வாங்கிக்கொண்டு, "ஏட்டி, ஒஞ் சேல வந்துட்டு!" என்று வாழைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூவினார்.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஆள் தெரியவில்லை. சேலையைப் பற்றி அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தக்கா நின்னுட்டாகளா?"

நானே கையைக் குவித்துக் கத்தினேன், "நின்னுட்டாக!"

"நின்னுட்டாகளாம்!" என்றார் துவைத்துக்கொண்டிருந்தவர். வாழைக்கு அப்பால் அந்தக் குரல் "நின்னுட்டாகளாம்!" என்றது. அதற்கும் கீழே வேறொன்று. வாய்க்காலோடு அது போய்க்கொண்டே இருந்தது, என் காதுக்கு எட்டாத தூரம் வரைக்கும்.

இப்போது சட்டத்தை மாற்றிவிட்டேன், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து ஒரு பெல்ட்டும் போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை வெல்டிங்கைத் தடவிப் பார்க்கிறேன். ஆனாலும் இந்தப் பழைய வண்டியில் இன்னொருவர் காலை எடுத்துக்கொண்டு நான் பயமில்லாமல் கிளம்புவது, வழியில் என்ன கழன்று விழுந்தாலும் கரையில் யாராவது ஒருவர் பார்த்துக் குரல் கொடுப்பார் என்ற தைரியத்தில்தான்.