குற்றாலத்தில் என் எண்ணெய்க் குளியலும் இசக்கியம்மாள் கடைத் தண்ணீரும்

இந்த ஆடியில் குற்றாலம் போனது அருவிக்காக அல்ல, என் பித்தத்துக்காக. வீட்டில் நான் கத்துவதற்கு அதுதான் காரணம் என்று தீர்ப்பளித்த என் மனைவி, ஒரு செம்பு நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் கொடுத்து ரயிலேற்றிவிட்டாள். பத்து நாள் அவளுக்கும் ஓய்வு.

திருநெல்வேலியில் காலை வண்டி ஏறினால் மதியத்துக்குள் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல். ஜட்காவுக்கு ஆறணா கேட்டார்கள். மாடசாமி என்பவர் நாலணாவுக்கு வந்தார். குதிரை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டது. முக்கால் மணி நேரம்.

சீசன் கூட்டம் வருஷா வருஷம் ஏறுகிறது. தோப்பாக இருந்த இடமெல்லாம் ஓலைக் கொட்டகை விடுதிகள். கீழப்பாவூர்ப் பண்ணையார் ஒருவர் இரண்டு சமையல்காரரோடு வந்திருக்கிறார். அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாம், சாம்பாரில் தெரிகிறதாம்.

அருவியில் நாலு பேர் முன் என் தொந்தியைத் திறந்து காட்டக் கூச்சம். நான் தங்கிய விடுதிக்குப் பின்னால் ஒரு கால்வாய், முழங்காலளவு தண்ணீர், நிழல். இரண்டு நாள் விடியற்காலையில் அதற்குள் உட்கார்ந்து எண்ணெயும் சீயக்காயும் கரைய சுகமாகக் குளித்தேன்.

இரண்டாம் நாள் குளியல் முடித்து, ஏழு மணிக்கு மாடசாமியோடு இட்லி தின்னப் போனேன். கால்வாயோடு இரண்டு பர்லாங் கீழே இசக்கியம்மாள் கடை. குடிக்கத் தண்ணீர் கேட்டால், டம்ளரில் எண்ணெய்ப் படலம்.

“என்னம்மா இது?” என்றேன்.

“நேத்துலேருந்து இப்படித்தான் அண்ணாச்சி. இங்கன கிணறு கெடையாது, இந்தக் கால்வாத் தண்ணிதான். காப்பியில எண்ணெ வாடை அடிக்குன்னு வாடிக்கையெல்லாம் அடுத்த தெருக் கடைக்குப் போயாச்சு. இந்த ரெண்டு மாசத்த விட்டா எனக்கு வருசத்துக்கும் பொழப்பு இல்ல.”

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. பொதுத் தண்ணீரைக் கெடுக்கிற நாகரிகமற்றவர்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பிரசங்கம் செய்தேன். மாடசாமி இட்லியை மென்றபடி என் உச்சியைப் பார்த்தார்.

“அண்ணாச்சி மண்டை நல்லா மினுங்குதே. எங்கன குளிக்கிய?”

அருவியில் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. விடுதிக்குப் பின்னால் என்றேன்.

இசக்கியம்மாள் ஏசவில்லை. “பிரசங்கம் நல்லாத்தான் இருந்துச்சு. அத மேல போயிச் சொல்லுங்க. யாரோ ஒருத்தரப் பாத்து இன்னும் நாலு பேரு எறங்குதாவன்னு சொன்னாவ; அது நீங்கதான் போல.”

மறுநாள் ஐந்து மணிக்கே கால்வாய்க் கரையில் நின்றேன். கையில் மாடசாமி கொடுத்த வாளி. வருகிறவர்களிடம், தண்ணீரை மொண்டு தள்ளிப் போய்த் தென்னை மரத்து மூட்டில் நின்று குளிக்கச் சொன்னேன்; ஆளுக்கு மூன்று வாளி போதும், அழுக்கும் கால்வாய்க்குத் திரும்பாது. செங்கோட்டைக்காரர் ஒருவர், “கால்வா ஒம்ம பாட்டன் சொத்தா வே?” என்றார்.

“நேற்று வரை அப்படி நினைத்துத்தான் நானும் குளித்தேன்” என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாளியை வாங்கினார். ஒருவர் மட்டும் கேட்காமல் இறங்கினார். மாடசாமி அவரிடம் என்ன சொன்னாரோ, மறுநாள் அவரும் தென்னை மூட்டில் நின்றார். நான் காவல் நின்ற மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது.

போகிறவர்கள் வாளி ஒன்று கொண்டுபோங்கள். எது குடிக்கிற கால்வாய் என்று விசாரித்துவிட்டு எண்ணெய்ச் செம்பைத் திறங்கள். இசக்கியம்மாள் கடையில் இட்லி காலணா. எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள்; அதற்குமேல் இப்போது இட்லி மிஞ்சுவதில்லை.