வள்ளிக்கண்ணு அக்கா பேசிய கூடம்

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கலைக்கூடத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. வள்ளிக்கண்ணு அக்கா காலமாகிவிட்டார்களாம். "எவன்டா காலங்காத்தால வெளையாடுறது?" என்று போனைத்தான் முதலில் திட்டினேன். போன ஞாயிறுகூட, "புள்ள, ஒனக்குக் கோவம் ஜாஸ்தி. பாக்க வந்தவங்ககிட்ட மல்லுக்கு நிக்காத" என்று என்னைக் கண்டித்தவர்கள். பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். "ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தேன். பேசுனது பூரா அடுத்தவங்க. நான் 'லைன்ல இருங்க'ன்னு சொன்னதோட சரி" என்பார்கள். அந்த ஆதங்கத்தில்தான், வருகிறவர்களுக்குச் சிலைகளையும் ஓவியங்களையும் சுற்றிக்காட்ட ஆள் தேவை என்றதும் திருக்கோகர்ணத்துக் கலைக்கூடத்துக்கு வந்தார்கள். நானும் அப்போதுதான் சேர்ந்தேன்.

பயிற்சி முடிந்து தேர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும். கலைக்கூடக் காப்பாளர் பின்னாலேயே வந்து கேட்பார். தேறாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அன்று அக்கா குறிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். "இன்னைக்கும் வாய் தெறக்கலேன்னா அவ்வளவுதான் புள்ள, இனி எப்பப் பேசப்போறேன்?" என்றார்கள்.

அக்காவின் முறையில் கூட்டம் கல் அம்மன் சிலையருகே வந்தபோது வினை வந்தது. பொன்னமராவதிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று புதுப் பெண் மாப்பிள்ளையோடு வந்திருந்தது. பெரியவர் ஒருவர் பையிலிருந்து தட்டை எடுத்தார், கற்பூரம் வைத்தார், தீப்பெட்டியைத் திறந்தார். சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்த்து வரைந்த துணிப்படம் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், வைய்யா கீழ!" என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"எங்க ஆத்தா முன்னாடி என்னைய ஏய்ங்கிறியா?" பெரியவர் விறைத்துக்கொண்டு நின்றார். உறவுக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இந்தப் படம் எரிஞ்சா இன்னையோட தன்னார்வலர்னு ஒருத்தரும் வேணாம்" என்றார் காப்பாளர். நானாயிருந்தால் ரெண்டில் ஒன்று பார்த்திருப்பேன்.

பெரியவர் குச்சியைக் கிழித்தார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். "அண்ணே, ஆத்தா ஒங்க ஊர்ல எங்க இருந்தாங்க?"

"கம்மாக்கரையில. தண்ணி வத்துன வருசம் இங்கிட்டுக் கொண்டாந்துட்டாங்க. எங்க வீட்டுக் கல்யாணம்னா மொத கற்பூரம் ஆத்தாவுக்குத்தான்."

"அப்ப ஆத்தா ஊர்ல இல்லாம இத்தன கல்யாணம் எப்படிண்ணே நடந்துச்சு?"

பெரியவர் சிலையை நிமிர்ந்து பார்த்தார். குச்சி விரலைச் சுட்டது. உதறிவிட்டார்.

"கையெடுத்துக் கும்புடுங்க, யாரு வேணாங்கிறா? பக்கத்துல துணி தொங்குது. பத்திக்கிச்சுன்னா மொதல்ல ஒங்க பொண்ணு மாப்பிள்ளைக்குத்தான் ஆபத்து. கற்பூரத்த நம்ம திருக்கோகர்ணம் கோயில்ல ஏத்துவோம். நானே கூட வாரேன்."

தீப்பெட்டி சட்டைப்பைக்குள் போனது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

காப்பாளருக்கு அது போதவில்லை. "சிற்பத்தோட காலம், பாணி எதுவுமே சொல்லலையேம்மா. இப்படியிருந்தா எப்படித் தேறும்?"

அக்கா அவரை நேராகப் பார்த்தார்கள். "சார், இன்னும் பாதிக் கூடம் கெடக்கு. முடிச்சதும் சொல்லுங்க" என்று திரும்பி, அதே அம்மனிடமிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். காலம், பாணி, இடுப்பு மடிப்பு, உடைந்த கை என எதையும் விடவில்லை. எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் அடக்கிவைத்த குரல் கூடத்தின் கோடிவரை கேட்டது. கிளம்ப வேண்டிய அந்தக் குடும்பமும் கிளம்பவில்லை. "சளசளன்னு பேசாம கேளுங்கப்பா" என்று பெரியவரே மற்றவர்களை அதட்டினார். வாசலில் காப்பாளர் சிரிக்காமலே அடையாள அட்டையை நீட்டினார். அக்கா அதை மாட்டிக்கொண்டு, சொன்னபடி அவர்களோடு கோயிலுக்குப் போனார்கள்.

அதன்பிறகு ஞாயிறு தவறியதே இல்லை. கால் வீங்கியபோதும் டவுன் பஸ்ஸில் வந்து நின்றார்கள்.

துக்க வீட்டில் அக்காவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டது. இதே ஊரில்தான் அடுத்த தெருவில் இருக்கிறது. "சித்தி, எங்கம்மா அங்க என்னதான் பேசுவாங்க? ஒருநாள்கூட நான் வந்து கேக்கலையே" என்று அழுதது. வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். அதன் தலையைத் தடவிக்கொடுக்கத்தான் முடிந்தது என்னால்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. நானும் சொல்லாமல்தான் எழுந்து வந்தேன். மனசு ஆறவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். நீங்க பேசுனத நாங்க கேட்டோம்க்கா. போயிட்டு வாரேன்.