ஃபோன் மரத்தை மறைக்குது

இன்று செந்துறையிலிருந்து அரியலூர் வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட். பாதி வழியில் நல்ல மழை பிடித்துக்கொண்டது.

சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை. ஓரத்துப் புளியமரங்கள் எப்போதும் மாவு பூசியதுபோல வெளுத்துத்தான் நிற்கும். மழை அவற்றைக் கழுவுவதைப் படம்பிடிக்க, ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டு ஃபோனைத் தூக்கினேன்.

பக்கத்தில் முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா, "தம்பி, ஃபோனைக் கொஞ்சம் எறக்குங்க. மரத்த மறைக்குது" என்றார்.

"ஒரு நிமிஷம்க்கா, எடுத்துட்டு உங்களுக்கே காட்டுறேன்" என்றேன், பெரிய உபகாரம் செய்பவன்போல.

காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இதுல மரம் வெள்ளையாவேல்ல இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. மழை கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத்தான் கழுவியிருந்தது. உள்பக்கம் படிந்த தூசி அப்படியே இருந்தது.

அக்கா எட்டிக் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டார். சாரல் எங்கள் முகத்தில் அடித்தது.

"யாருங்க அது, நனையுதுல்ல!" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

"நாந்தான். ரெண்டு மரம் பாத்துட்டு சாத்திடுறேன்" என்றார் அக்கா.

பச்சை என்றால் அப்படியொரு பச்சை. டவுன் வரும்வரை அந்த ரெண்டு மரம் முடியவேயில்லை.

இறங்கும்போது சொன்னார்: "அந்தப் படத்த அழிச்சுடுங்க தம்பி. பாக்குறவங்க நம்மூர்ல மழையே பெய்யலன்னு நெனச்சுக்குவாங்க."

அழித்துவிட்டேன். என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆதாரம் இந்த ஈரச் சட்டைதான். நம்பாதவர்கள் வரிசையாகக் கமெண்டுக்கு வாங்க.