நான் மஞ்சள் கொடி ஆட்டிய பந்தயம்

ஐந்து மணி நேரக் கார் பந்தயம் என்றால், ஏறியவன் ஐந்து மணி நேரமும் இறங்கவே கூடாது என்று நம்பியவன் நான். சின்ன வயதில் அல்ல, கல்யாணம் ஆன பிறகு.

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஆட்டோ நின்றபோது முன்னால் ஒரு வைக்கோல் லாரி. வைக்கோல் வாசனையும் பெட்ரோல் புகையும் கலந்து மூக்கில் ஏறியதும் அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் எஸ்டேட் சாலைகளைக் கயிறு கட்டி மறித்து, வளைவுகளில் வைக்கோல் கட்டும் பழைய டயரும் அடுக்கி, ஒரே ஒரு நாளைக்குப் பந்தயச் சாலை ஆக்கியிருந்தார்கள். தினமும் டிபன் கேரியரோடு நான் சைக்கிள் மிதிக்கும் அதே வளைவில், அன்று மஞ்சள் கொடியோடு நின்றேன். ஆபத்து என்றால் ஆட்ட வேண்டும். ஆட்டினால் வண்டிகள் வேகம் குறைக்கும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. இவ்வளவு பெரிய பொறுப்பை என் வீட்டில்கூட யாரும் கொடுத்ததில்லை.

ஆவடி ராயப்பனும் பூந்தமல்லி கரீமும் என்னோடு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். ஒரு பழைய காரைப் பிரித்து மேய்ந்து பந்தயத்தில் இறக்கியிருந்தார்கள். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கோப்பை. கோப்பை கிடைத்தால் சென்னீர்குப்பத்தில் ஷெட் பிடித்து, அதை வாசலில் மாட்டி மெக்கானிக் கடை. காரின் கதவு மட்டும் சரியாகச் சாத்தாது. தாம்புக்கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ராயப்பன்தான் ஓட்டுவான், கரீம் ஸ்பேனர் பிடிக்க வந்தவன் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு ஹெல்மெட்டில் ராயப்பன் சுற்றிச் சுற்றி வந்தான். பந்தயம் முடியும் தறுவாயில் ஒரு சுற்றுக்குக் காரைக் காணோம். பிறகு வந்தது. கயிற்று நுனி வெளியே படபடக்க, உள்ளே வெள்ளை ஹெல்மெட். ராயப்பன் வழியில் விழுந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஓடுகிற காரில் இன்னொருவன் எப்படி ஏறினான் என்று கேட்க வேண்டிய மூளைக்கும் அன்று ஞாயிறு விடுமுறை.

அந்த நேரம் பார்த்து, பூசை முடிந்து கையில் ஜெபமாலையோடு ராயப்பன் மனைவி ஸ்டெல்லா வந்து நின்றாள்.

“எங்கண்ணே அவரு?”

கொடியை ஆட்டினேன். கை வலிக்க வலிக்க ஆட்டினேன். பந்தயம் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. அதிகாரி ஸ்கூட்டரில் பறந்து வந்தார்.

“இன்னாய்யா ஆச்சு?”

“ஆள் விழுந்துட்டான் சார்.”

“எங்க?”

“அதான் தேடணும் சார்.”

கொடியை வேறொருவர் வாங்கிக்கொள்ள, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கால்வாய் கால்வாயாக எட்டிப் பார்த்தபடி போனேன். வண்டிகள் பெட்ரோல் போடும் இடத்தில், ராயப்பன் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து கரீம் வீட்டுப் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னா மச்சான், பசிச்சா சொல்லி அனுப்பக் கூடாதா? இம்மாந்தூரம் வந்துகினு கீற.”

பந்தயம் முடிந்ததும் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றியபடி கரீம் ராயப்பனிடம் வந்தான். “மாமே, மூணாவது வண்டிய முந்தப் போறேன், மஞ்ச கொடி. எவன்டா அதுன்னு பாத்தா நம்மாளு.”

பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த ஸ்டெல்லாதான் என்னிடம் நிதானமாகக் கேட்டாள். “அஞ்சு மணி நேரம் எறங்காம ஓட்டினா, ஒண்ணுக்கு எங்கண்ணே போவாரு?”

கோப்பை இல்லாமலே கடை திறந்தார்கள். கோப்பைக்கென்று அடித்த ஆணியில் ஒரு மஞ்சள் துணியை மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் என் கதையைச் சொன்னார்கள். சாலை அகலமானபோது அந்த ஷெட் போயிற்று. என் வளைவில் இப்போது சிக்னல் கம்பம். ஞாயிற்றுக்கிழமைகூட அந்தச் சாலை காலியாக இருப்பதில்லை.

ராயப்பன் விழவில்லை. கார் நான்காவதாக வந்தது.