கொட்டாவி அக்கா

“வாயை மூடுங்க, ஈ போயிடும்,” என்கிறாள் மைக்கில். எங்கோ நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும் லாரியின் ஓட்டுநர் திடுக்கிட்டு வாயை மூடுகிறார். பிறகு அசட்டுச் சிரிப்போடு ஒரு கும்பிடு. “கும்பிடு அப்புறம் போடலாம். கையை ஸ்டியரிங்ல வைங்க முதல்ல.”

லாரி கம்பெனியின் கண்காணிப்பு அறையில் அவளுக்கு இதுதான் வேலை. ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக ஒரு சின்ன கேமரா. கண் சொருகினாலும், தலை தொங்கினாலும், வாய் அகலத் திறந்தாலும் அது அலறும்; அந்த முகத்தை அப்படியே அவள் திரைக்கும் அனுப்பிவிடும். நிஜத் தூக்கமா, கருவியின் கற்பனையா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். லேசான அலுப்பு என்றால் நாலு வார்த்தை பேசித் தெளியவைக்கலாம். ‘பொய்’ என்ற பொத்தானை அழுத்தினால் வண்டி தன் பாட்டுக்குப் போகும். ‘உண்மை’யை அழுத்திவிட்டாலோ, ஓட்டுநர் ஓரங்கட்டிப் படுத்தே ஆக வேண்டும், மேலாளருக்கும் சேதி போய்விடும்.

கொட்டாவி அக்கா என்று ஓட்டுநர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்திலிருப்பவருக்கும் வரும் என்பது ஊரறிந்த விஷயம். பொழுதெல்லாம் அடுத்தவர் கொட்டாவியையே பார்த்துக்கொண்டிருப்பவள் கதி? உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கு வழியாக விடுவதற்குப் பழகிவிட்டாள். அப்போது அவளுடைய காதுகள் இரண்டும் தனியே அசையும். பக்கத்து நாற்காலிக்காரி அதைப் பார்க்கவே காத்திருப்பாள்.

வேலை முடிந்தாலும் பார்வை முடிவதில்லை. பேருந்தில் ஓட்டுநரின் கண்ணாடி தெரிகிற இருக்கையாகத் தேடி உட்காருவாள். “அண்ணே, நேத்து சரியா தூங்கலையா?” என்று ஒருமுறை கேட்டும்விட்டாள். மறுநாளிலிருந்து அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டார். வீட்டில் கணவன் டி.வி. முன்னால் நிம்மதியாகக் கண்ணயர முடியாது. “சொருகுது, சொருகுது,” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். “நான் சோபாவைத்தான் ஓட்டிட்டிருக்கேன், அது எங்கேயும் மோதாது,” என்பார் அவர், பாவம்.

இப்படிப்பட்ட கண்கொத்திப் பாம்பும் ஓரிடத்தில் சாதுவாகிவிடும். அதே கம்பெனியில்தான் அவள் அண்ணனும் லாரி ஓட்டுகிறான். அவன் சிபாரிசில்தான் அவளுக்கு வேலையே கிடைத்தது. சேர்த்துவிட்டவனையே வேவு பார்க்கிற பிழைப்பாகப் போயிற்று.

அண்ணன் வண்டியில் ஏறினால் பாட ஆரம்பித்துவிடுவான். அதுவும் உச்சஸ்தாயியில், வாயைப் பிளந்து, கண்ணைப் பாதி மூடி. கருவிக்குச் சங்கீத ஞானம் கிடையாது. பெரிய கொட்டாவி என்று கூப்பாடு போடும். அவள் மைக்கை அழுத்தினால்தான் அங்கிருந்து குரல் கேட்கும். மற்ற நேரத்தில் திரையில் வெறும் படம்தான். ஆனால் அவளுக்குக் கேட்க வேண்டியதில்லை. அவன் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ‘பொய்’யை அழுத்திவிடுவாள். இப்படியே ஒரு ‘உண்மை’கூட விழாமல் அண்ணன் காலம் தள்ளிவிட்டான். கம்பெனி வாங்கப்போகிற புது லாரி அப்படிப்பட்டவருக்குத்தான் என்று பேச்சு. குளுகுளு வசதியாம், சீட்டில் உட்கார்ந்தால் முதுகு வலியே தெரியாதாம். சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டான்.

போன வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடித்தது. அண்ணன் முகம். பிளந்த வாய். அவள் விரல் பழக்கதோஷத்தில் ‘பொய்’ மேல் போய்விட்டது. அழுத்தவில்லை. ஸ்டியரிங்கில் தாளம் இல்லை.

“அண்ணா, என்ன பாட்டு?”

“அதான்... ஒரு பழைய பாட்டு.”

“எந்தப் பழைய பாட்டு?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது. உனக்குத் தெரியாது.”

“பரவாயில்ல, ரெண்டு வரி பாடு. கேட்டுட்டு வெச்சிடறேன்.”

அண்ணன் தொண்டையைச் செருமினான். முதல் வரி ஒழுங்காகத்தான் வந்தது. இரண்டாவது வரி நடுவில் இழுத்தது. இழுத்துக்கொண்டே போயிற்று. அந்த இழுவை எந்த ராகத்திலும் சேராது.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த கணமே சிரிப்பு நின்றது. இதுவரை எத்தனை கொட்டாவியைப் பாட்டுக் கணக்கில் எழுதினோமோ?

“குட்டி, புது வண்டி அடுத்த மாசம் வந்துடும். பொய்னு போட்டுடு. முன்னாடி கடை இருக்கு, டீ குடிச்சா தெளிஞ்சிடும்.”

“அந்தக் கடை வரைக்கும் யாரு ஓட்டுவா?”

“உன்னை வேலைக்குச் சேத்துவிட்டதே நான்தானே?”

“ஆமா, நீதான். நாளைக்கு அண்ணி வந்து கேட்டா நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் பதில் சொல்றது? ஓரங்கட்டு அண்ணா.”

சொல்லிவிட்டு ‘உண்மை’யை அழுத்தினாள். புது லாரி அந்த இடத்திலேயே வேறு யாருக்கோ போய்விட்டது.

பக்கத்திலேயே லாரிகள் நிறுத்துகிற இடமாகப் பார்த்து அண்ணன் வண்டியை நிறுத்தினான். கேமராவை முறைத்தான். “இனிமே எனக்குத் தங்கச்சியே கிடையாது,” என்றான். சின்ன வயதிலிருந்து நூறு தடவை சொன்னதுதான். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை. அவள் மைக்கை விட்டாள்.

எஞ்சினை அணைத்த பிறகும் கேமரா கொஞ்ச நேரம் விழித்திருக்கும். லாரிக்குள் சத்தம் வராது. இவள் பக்கம் மட்டும் மணி அடிக்கும். திரையில் அண்ணன் சீட்டைச் சாய்த்தான். கையைக் கட்டிக்கொண்டான். கோபத்தோடு தூங்கக் கூடாது என்று வீம்பு பிடித்தவனைப்போல ஒருமுறை கண்ணை உருட்டி விழித்தான். அவ்வளவுதான், தலை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. இவள் மேஜையில் மணி அலறத் தொடங்கியது.

“என்ன, உங்க அண்ணனா? தூங்கிட்டாரா?” என்று பக்கத்து நாற்காலிக்காரி உரக்கக் கேட்டாள்.

அவள் அவசரமாக மணியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, பக்கத்து நாற்காலியை நோக்கி, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.