நகத்தால் ஒரு தட்டு

இன்று காலை கடையில் இருந்தவர்கள். நான். தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த ஜோசப் அண்ணன். பஞ்சர் கடை அவருடையது, நான் அவரிடம் வேலை. டிராக்டர் டயரோடு வந்து பெஞ்சிலேயே தூங்கிப்போன பெருநகர் கிராமத்துக்காரர் ஒருவர். கடைசியாக, கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண்.

"அண்ணா, முன்னாடி ஃபோர்க்குல காத்து கொறைஞ்சிட்ட மாரி கீது. பாக்கறீங்களா?"

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்கு ஃபோர்க் என்று பெயர். இந்த ரகத்தில் ஒரு காலுக்குள் காற்று இருக்கும். கல்லிலும் பள்ளத்திலும் அது அமுங்கி எழுந்து ஆளைக் காப்பாற்றும். ஜோசப் அண்ணன் குனிந்து காற்று வால்வின் மூடியைத் திருகினார். டயர்க்காரன் கை. காற்று இருக்கிறதா என்று பார்க்க, கட்டைவிரல் நகம் தானாக வால்வு ஊசிமேல் போனது. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"தட்டாதண்ணே."

"இன்னாடா, உள்ள தேளா கீது?"

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை எனக்குப் பிடிக்கும். என் தங்கை செல்விக்கு ஆகாது. "உன் பக்கத்துல குந்தி சோறு துன்ன முடியலண்ணா" என்பாள். அவளே ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடையில் பழியாகக் கிடந்தாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு, அறுப்பு. நான் எட்டாவதோடு நின்றவன். செல்வி மட்டும் வேறு தினுசு. மலை சைக்கிள் ஓட்டுவாள். மாநிலப் போட்டியில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால், அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அம்மா ராத்திரிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு அவள் தட்டில் முட்டை வைத்தாள்.

அவள் சைக்கிளில் பழைய ஸ்பிரிங் ஃபோர்க். கயிற்றுக் கட்டில் மாதிரிக் கத்தும். சென்னையில் யாரோ கழற்றிப்போட்ட காற்று ஃபோர்க் ஒன்று கிடைத்தது. கூட வந்த புத்தகம் இங்கிலீஷ். நான் படம் பார்த்தேன்.

படத்தில் இருந்தபடி அவள் தலைமுடி ரப்பர் பேண்டை ஃபோர்க் காலில் மாட்டினேன். அவள் ஏறி உட்கார்ந்து இறங்கினால் பேண்டு மேலே தள்ளி நிற்கும். அமுங்கும் நீளத்தில் கால்வாசி தள்ளினால் காற்று சரி. முதலில் அசையவே இல்லை.

"இன்னாண்ணா, கல்லு மாரி கீது."

"நீ குச்சி மாரி கீற. அது இன்னா பண்ணும்?"

நாலு நாள் காலால் பம்ப் அடித்து, விட்டு, அடித்துக் கால்வாசிக்குக் கொண்டுவந்தேன். ஹேண்டில்பாரும் அவளுக்கு அகலம். அளக்கத் தெரியவில்லை. தரையில் தண்டால் எடுக்கச் சொன்னேன். கை எங்கே ஊன்றியதோ அங்கே சாக்பீஸில் கோடு. அந்த அகலத்துக்கு ஆக்சா பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்தேன். அவள் விரல் குட்டை. பிரேக் பிடியைக் கைக்குக் கிட்டே கொண்டுவந்தேன்.

கல் குவாரிச் சரிவில் இறங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ண்ணா! மெத்த மாரி கீதுண்ணா!"

ஜோசப் அண்ணன், "சைக்கிளா ஏரோப்ளேனாம்மா இது? பாத்து, பறந்துடப் போவுது" என்றார்.

போட்டி மலையில். விடிந்ததிலிருந்து குளிர். பயத்தில் கை சும்மா இருக்கவில்லை. மூடியைத் திருகினேன். நகத்தால் ஊசியை ஒரு தட்டு. ஸ்ஸ் என்றது. காற்று இருக்கிறது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பயம். மறுபடியும் திறந்தேன். லாரி டயருக்கு அது ஒரு கொட்டாவி. ஃபோர்க்குக்குள் இருப்பதே ஒரு டம்ளர் காற்று. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"காத்து சரியா கீதாண்ணா?"

"கீது. போ."

அவள் ஏறி உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் சொல்லிவிட்டான்.

இரண்டாவது வளைவில் பாறைப்படி. பிரேக் பிடித்தாள். முன்பக்கம் அப்படியே உட்கார்ந்தது. அவள் ஹேண்டிலைத் தாண்டிப் போனாள். வலது காறை எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய்ச் சைக்கிளைத் தூக்கினேன். ரப்பர் பேண்டு உச்சிக்குத் தள்ளியிருந்தது. நான் விட்ட காற்று எவ்வளவு என்று அப்போது தெரிந்தது. அவள் பார்ப்பதற்குள் அதைப் பிய்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"பிரேக்க சாஸ்தி புட்ச்சிட்டேன்ணா. எம்மேலதான் தப்பு" என்றாள்.

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது குவாரியில் தண்ணீர் நிற்கிறது. சரிவு உள்ளே போய்விட்டது. ஃபோர்க் கைமாறிவிட்டது. அறுத்த ஹேண்டில்பார் கடை ஆணியில் தொங்குகிறது. ஜோசப் அண்ணன் அதில் டியூப் மாட்டுகிறார். செல்வி கம்பெனி பஸ்ஸில் போய் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறாள். வலது கை தோளுக்கு மேல் போகாது. அம்மாதான் தலை பின்னிவிடுகிறாள். யாராவது கேட்டால், "நானே கெடுத்துக்கினேன்" என்று சிரிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இன்று வந்த பெண்ணுக்கு நானே காற்று அடித்தேன். ரப்பர் பேண்டு மாட்டி ஏறி உட்காரச் சொன்னேன். கால்வாசி. மூடியை இறுக்கிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று காலை நான் ஊசியைத் தட்டியது மூன்று முறை.