எட்டுப் பாகமும் நாற்பத்தெட்டு அடியும்

மூன்று வருடங்களுக்கு முன், பருத்தித்துறைக் கடலில், கரையிலிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில், ஒரேயொரு வசனம் சொல்லவேண்டிய நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் ஒரு மனிதர் தன் படகை இழந்தார். தெரியாமல் நடந்த பிழை என்று எழுதினால் வாசிக்கும் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் தெரிந்துதான் செய்தேன். பொறாமையால் செய்தேன்.

நான் முப்பத்துநான்கு வருடம் பௌதிகம் படிப்பித்தவன். ஓய்வு பெற்றதும் சிறிய பைபர் படகொன்றும் எஞ்சினும் வாங்கி, விடியற்காலையில் கைத்தூண்டில் போடப் போய்வரத் தொடங்கினேன். அது எனக்குப் பிழைப்பல்ல, பொழுதுபோக்கு. என் படகுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்திருந்த படகு என் கூட்டாளியினுடையது. எட்டாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அதன்பின் அவர் தகப்பனோடு கடலுக்குப் போனார், நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். இப்போது வன்னிப் பக்கம் குடும்பமாக இருக்கிறார்கள். பிள்ளைகள் படித்த காலத்திலிருந்து அவர் என்னைச் 'சேர்' என்றும் 'நீங்கள்' என்றும்தான் கூப்பிடுவார்.

கடலில் அவருக்கு எந்தக் கருவியும் இருக்கவில்லை. வெளிச்சவீட்டையும் ஒரு கோயில் கோபுரத்தையும் பார்ப்பார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை, நீட்டிய கையின் விரல்களால் அளப்பார். பிறகு எஞ்சினை நிறுத்துவார். நேர் கீழே கற்பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டு இருக்கும். விளைமீனும் கலவாயும் அங்கே கிடக்கும். நான் அவருக்குப் பின்னால் போயும் பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து நூறு மீற்றர் தள்ளிப் போட்டால்கூட என் தூண்டிலில் பாசிதான் வந்தது.

வெறும் கையோடு நான் கரைக்கு வருகிற நாட்களில் அவர் இரண்டு மீனை ஒரு பையில் போட்டு நீட்டுவார். "சேர், இது ரீச்சருக்கு" என்பார். ரீச்சர் என்பது என் மனைவி. அவர் அதை அன்பாகத்தான் செய்தார். எனக்கோ அந்தப் பையை வாங்கும்போது முதுகெலும்புவரை எரியும். நியூட்டனின் விதிகளை ஆயிரம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த நான், எட்டாம் வகுப்போடு நின்றவரிடம் கறிக்கு மீன் வாங்குகிறேன் என்று மனம் சொல்லும். வீட்டுக்குப் போனால் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது உங்கடை கூட்டாளியின்ரை மீன் தானே?" என்று கேட்பாள். மீனின் பருமனைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல், விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதையுங்கோ. எனக்குக் கண் போகுது. சீனி வருத்தம். கிட்ட இருக்கிறது தெரியுது. எட்ட இருக்கிறது புகை மாதிரி இருக்கு. கோபுரம் தெரியேல்லை, சேர்."

கண் வைத்தியர், இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், நீரிழிவால் போனது திரும்பாது என்று சொல்லியிருந்தார். கோபுரம் தெரியாவிட்டால் அவருக்குப் பார் இல்லை. பார் இல்லாவிட்டால் கடல் இல்லை. அதனால் கடலின் அடியைப் படம் போட்டுக் காட்டுகிற மெசின் ஒன்று வாங்க நினைத்தார். பிஷ் பைண்டர். எங்கள் கரையில் பெரிய படகுக்காரர் சிலரிடம் மட்டும்தான் அப்போது அது இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் புதியது இருப்பதாகவும், கனடாவுக்குப் போகிற ஒருவர் பழையதொன்றை விற்பதாகவும் கேள்விப்பட்டிருந்தார்.

"பழசோ புதுசோ, நீங்கள் சொன்னால் எனக்குச் சரி" என்றார்.

உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் நான் நேர்மையாகவே உழைத்தேன். பஸ் ஏறிப் போய்ப் புதியதைப் பார்த்தேன். ஒரு வருட உத்தரவாதம் இருந்தது. ஆனால் அவருடைய கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது உள்ளங்கையளவு திரையுள்ளதுதான். அதிலுள்ள இலக்கங்களை வாசிக்க எனக்கே கண்ணாடி வேண்டியிருந்தது. பிறகு பழையதைப் பார்த்தேன். ஒரு பொத்தான் இறுகியிருந்தது, திரையின் மூலையில் கீறல். ஆனால் திரை பெரியது, இலக்கங்கள் பெருவிரல் அளவு. நீருக்குள் இருக்கிற பகுதியில் வெடிப்பு இல்லை. வயர் முனைகளில் உப்புப் பிடித்த பச்சை நிறம் இல்லை. இன்ரநெற்றில் வாசித்து, கொப்பியில் இரண்டு பக்கமாக எழுதி ஒப்பிட்டேன். அவருடைய கண்ணுக்குப் பழையதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

விற்பவர் ஒருநாள் படகில் பூட்டிப் பார்க்கத் தந்தார். அன்று காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மனைவி சிரித்துக்கொண்டு, "உந்த மெசினும் வந்துதெண்டால் இனி அவரைப் பிடிக்க ஏலாது. நீங்கள் பேசாமல் சந்தையிலை வாங்குங்கோ" என்றாள். அவளுக்கு அது பகிடி. எனக்கு அது கரைவரை கூடவே வந்தது.

அவருடைய படகில் இருவரும் போனோம். எஞ்சினை நிறுத்தினார். மெசின் வேலை செய்தது. திரையில் கடலடித் தரை மேடு பள்ளமாகத் தெரிந்தது. அதன் மேலே பெரிதாக 48 என்று விழுந்தது. அவர் தன் வழக்கப்படி ஈயக்கட்டி கட்டிய கயிற்றை இறக்கி, தரை தட்டியதும் இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்து இழுத்தார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். எங்கள் கடலில் ஆழத்துக்கு அதுதான் கணக்கு. பெரிய படகுகளின் மெசின்களையும் பாகத்தில் காட்டும்படியே வைத்திருப்பார்கள். அவர் பார்த்ததெல்லாம் அவைதான்.

"எட்டுப் பாகம்" என்றார். திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "நாப்பத்தெட்டாம்! சேர், இது எங்களை இந்தியாவுக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வரும்."

ஒரு பாகம் ஆறு அடி. எட்டு ஆறு நாற்பத்தெட்டு. மெசின் அடிக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது. இலக்கத்துக்குப் பக்கத்தில் 'அடி' என்பதற்குரிய இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகள் இருந்தன. அவை அவருடைய கண்ணுக்குத் தெரியவில்லை. அவருடைய கையும் சரி, மெசினும் சரி. அவர் கயிற்றை இழுத்து முடிக்கும் முன்பே எனக்கு அது விளங்கிவிட்டது. இரண்டு பொத்தானை அழுத்தினால் அதே மெசின் எட்டு என்று காட்டியிருக்கும்.

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சேர், பிழையோ?"

"பழசு தானே. உப்புப் பட்டிருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அன்று பின்னேரமே மெசினைக் கழற்றி, துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். புதியதில் பெரிய திரை வாங்க அவருக்கு வசதி இல்லை, சின்னதை வாசிக்கக் கண் இல்லை. கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு வாய்ப்பொய் என்று சொல்லலாம். இரண்டு கிழமை கழித்து அதே மெசினை நான் வாங்கினேன். விற்றவர், "உங்கடை ஆள் பிழை எண்டெல்லோ கொண்டுவந்து தந்தவர்?" என்று கேட்டார். எனக்குத் திருத்தத் தெரியும் என்றேன். கூட்டாளி கேட்டபோது, கொழும்பிலிருந்து வேறு ஒன்று எடுப்பித்தது என்றேன். அவர் அதையும் நம்பினார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவருடைய எண்ணம்.

மெசின் மீனைக் கடிக்க வைக்காது. ஆனால் பாரைக் காட்டும். எனக்கு மீன் பிடிபடத் தொடங்கியது. அவர் வெறும் கையோடு வந்த ஒருநாள், இரண்டு விளைமீனைப் பையில் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "சேர் கெட்டிக்காரன்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். எழுதவே வெட்கமாக இருக்கிறது: அன்று போல் சந்தோசமாக நான் வருடக்கணக்கில் இருந்ததில்லை.

அந்த வருடம் சோளகக் காற்றுத் தொடங்கிய கிழமையில் அவர் கடலில் வழிதவறினார். கரை எது, மேகம் எது என்று தெரியாமல் கிழக்கே போய், மத்தியானம் வேறு ஊர்ப் படகொன்று கண்டு கட்டியிழுத்து வந்தது. அந்த மெசின் இருந்திருந்தால், ஆழம் குறைகிற பக்கம் கரை என்று பிடித்துத் திரும்பியிருப்பார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் கண் விசயம் கரை முழுவதும் தெரிந்துவிட்டது. அவருடைய மனைவி பிடிவாதமாக நின்று படகை விற்பித்தார்.

சில மாதம் அவரைக் காணவில்லை. ஒருநாள் நான் என் மனைவியோடு சந்தைக்குப் போனபோது, வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கும் வரிசையில் அவர் குந்தியிருந்தார். இடது பெருவிரலிலும் பக்கத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. கண் இன்னும் குறைந்திருந்தது; குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு, "சேர், இண்டைக்குப் போகேல்லையோ? காத்து நல்லாத்தானே இருக்கு" என்றார். கடற்கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிய மீனை வெட்டக் கொடுக்காமலே வீட்டுக்குப் போனேன். மனைவி ஏன் என்று கேட்டாள். முதல்முறையாக ஒருவருக்கு உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அவரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லி என்ன?" என்றுமட்டும் சொன்னாள்.

போவதற்கு எனக்கு நாலு நாள் எடுத்தது. அவர் முற்றத்தில் வேப்பமரத்தின் கீழே இருந்தார். அவருடைய மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாகத்தையும் அடியையும் சொன்னேன். அது அதே மெசின்தான் என்பதையும் சொன்னேன். வெங்காயம் உரித்த கை நின்றது.

"அண்டைக்கே உமக்குத் தெரியுமோ?" என்று அவர் கேட்டார். பிள்ளைகள் படித்த காலத்துக்குப் பின் அவர் என்னை 'நீங்கள்' என்பதிலிருந்து இறக்கி 'நீர்' என்றது அதுதான் முதல் தடவை.

"ஓம்."

"நான் சிரிக்கேக்கையே?"

"ஓம். அதுக்கு முதலே."

மெசினைக் கொண்டுவந்து தருகிறேன், நானே பூட்டித் தருகிறேன் என்றேன்.

"எதிலை பூட்டப் போறீர்? வீட்டுக் கதவிலையோ?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "உம்மடை மன்னிப்பைக் கறி வைக்க ஏலாது. எழும்பிப் போம்" என்றார்.

அவருடைய படகை வாங்கியவரிடம் போய்த் திருப்பிக் கேட்டேன். அவர் அதைப் பெயர் மாற்றிப் பதிந்து, நிறமும் அடித்துவிட்டார், தரமுடியாது என்றார். வேறு வழி தெரியவில்லை. கூட்டாளியின் மனைவியிடம், என் படகு தினமும் காலை ஐந்து மணிக்கு அவருக்காக நிற்கும், விரும்பினால் வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தொன்பது நாள் நின்றேன். கரையில் நின்றவர்கள், "சேர் ஆருக்குக் காவல்?" என்று நக்கலடித்தார்கள். இருபதாம் நாள் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். படகைத் தடவிப் பார்த்தார். மெசின் பூட்டியிருந்த இடத்தில் கை பட்டது.

"இதைக் கழட்டும்" என்றார். கழற்றினேன். "இனித் தள்ளும்" என்றார். தள்ளினேன்.

கடலில் அவர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். என்னை முன்னால் கரையைப் பார்த்து இருக்கச் சொன்னார். "உம்மடை கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைச் சொல்லும். கூட்டிக் குறைச்சுச் சொல்லாதையும்." வெளிச்சவீடு எங்கே, கோபுரம் எங்கே, இடையில் எத்தனை விரல் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் திருப்பினார். நிறுத்தினார். கீழே பார் இருந்தது.

இப்போது கிழமையில் நாலு நாள் அப்படிப் போகிறோம். காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைப்பார்; வேறொன்றும் கதைக்க மாட்டார். பிடித்த மீனைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போய்விடுவார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. எந்த அடையாளங்களுக்காக நான் வருடக்கணக்கில் எரிந்தேனோ, அவற்றை அவர் தன் வாயால் எனக்குச் சொல்லவேண்டியதாகிவிட்டது. சொல்லாமல் அவரால் அங்கே போகமுடியாது. ஒவ்வொரு பாராக, ஒவ்வொரு விரற்கணக்காக, தகப்பனிடமிருந்து அவர் பெற்றதெல்லாம் இப்போது என் தலைக்குள் இருக்கிறது. அவர் விரும்பிக் கொடுத்ததல்ல. அவர் வராத நாட்களில் நான் அந்த இடங்களுக்குப் போவதில்லை, யாரிடமும் சொல்வதுமில்லை. மீன் கிடக்கும் இடமெல்லாம் இன்று எனக்குத் தெரியும். ஆனால் அது எப்படித் தெரியவந்தது என்று நினைக்கும்போது, ஒன்றும் தெரியாமல் வெறும் கையோடு கரைக்கு வந்த அந்த நாட்களில்தான் நான் மனிதனாக இருந்தேன் என்று படுகிறது.